கம்பஸ்டிபிள் எடிசன்: லவுஞ்ச் இசைக்கு வந்த ராக் கலைஞர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள பிராவிடன்ஸ் நகரில் 1990களின் தொடக்கத்தில் உருவாகி, மூன்று இசைத்தொகுப்புகளையும் ஒரு திரைப்படத்தின் பின்னணி இசையையும் தந்துவிட்டு, பத்தாண்டு முடிவதற்குள் கலைந்துபோன இசைக்குழு கம்பஸ்டிபிள் எடிசன். இக்குழுவின் பாடல்களை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டும்போதெல்லாம் சில கேள்விகள் தவறாமல் எழுகின்றன. அவற்றையும், பல ஆண்டுகளாக இந்த இசையைக் கேட்டுவருபவன் என்ற முறையில் நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இக்குழுவில் இருந்தவர்கள் யார்?

கித்தார் வாசித்து, பெரும்பாலான பாடல்களை இயற்றியவர் மைக்கேல் கடஹி. மேடையில் அவர் பெயர் 'தி மில்லியனேர்'. பாடகி லிஸ் காக்ஸ் 'மிஸ் லிலி பான்கெட்' என்ற பெயரில் தோன்றினார். பாடுவதோடு தாளக் கருவிகளையும் வாசித்தார். பாஸ் கித்தாரை நிக்கோலஸ் கடஹியும், ஆர்கனைப் பீட்டர் டிக்சனும், டிரம்ஸ், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோன் இரண்டையும் ஏரன் ஓப்பன்ஹைமரும் வாசித்தனர். பிறகு பாஸ்டனைச் சேர்ந்த விசைப்பலகைக் கலைஞர் பிரதர் கிளீவ் குழுவில் இணைந்தார்.

லவுஞ்ச் இசை என்பது என்ன? விடுதி வரவேற்பறையில் மெல்ல ஒலிக்கும் பின்னணி இசைதானே?

பெயர் அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அந்தப் பெயருக்குள் அடங்கும் இசை பெரிது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் கையில் பணம் புழங்கத் தொடங்கிய காலத்தில், வீட்டுக் கூடத்தில் ஒலிநாடாவும் ஒலித்தட்டும் இடம்பிடித்த காலத்தில், ஜாஸ் இசையின் நயத்தையும் லத்தீன் அமெரிக்கத் தாளங்களையும் திரைப்பட இசையின் காட்சி உணர்வையும் கலந்து ஒரு சொகுசான இசை உருவாயிற்று. மாம்போ, சா-சா-சா, பின்னாளில் பாஸா நோவா ஆகிய நடன வகைகள் அதன் நடையைத் தீர்மானித்தன. அதே தாளங்கள் ஏறத்தாழ அதே காலத்தில் சென்னையின் திரையிசைக் கூடங்களுக்கும் வந்து சேர்ந்தன என்பதால், அறுபதுகளின் தமிழ்த் திரைப்படங்களில் வரும் கேளிக்கை விடுதிப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த இசையின் பாங்கோ ஒலி அந்நியமாகத் தோன்றாது.

இந்த இசையை வளர்த்ததில் ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1958ஆம் ஆண்டு வாக்கில் ஸ்டீரியோ ஒலித்தட்டுகள் கடைகளுக்கு வந்தபோது, இடது பக்கம் ஒரு ஒலி, வலது பக்கம் இன்னொரு ஒலி என்பதே மக்களுக்கு வியப்பாக இருந்தது. மெக்சிகோவில் 1918இல் பிறந்த ஹுவான் கார்சியா எஸ்கிவேல் அந்த வியப்பைக் கலையாக்கினார். 1962இல் வெளிவந்த தம்முடைய ஒரு தொகுப்புக்காக அவர் வாத்தியக் குழுவை இரண்டாகப் பிரித்து, இரண்டு தனித்தனிக் கூடங்களில் அமர்த்தி ஒரே நேரத்தில் வாசிக்க வைத்தார். ஒரு பக்கத்து ஒலி மறுபக்கத்து ஒலிவாங்கியில் கசிந்துவிடக் கூடாது என்பதே நோக்கம். வெறும் பின்னணி ஓசைக்காக இவ்வளவு பாடுபடுவார் யாரும் இருக்க முடியாது.

'எக்சாட்டிகா' என்ற சொல்லும் இதோடு சேர்ந்தே வருகிறதே?

அது லவுஞ்ச் இசையின் ஒரு கிளை. லெஸ் பாக்ஸ்டர் என்ற இசையமைப்பாளர் 1950களின் தொடக்கத்தில் கற்பனைத் தீவுகளையும் காடுகளையும் வாத்திய இசையில் வரைந்து காட்டினார். மார்ட்டின் டென்னி அதைச் சிறு குழுவுக்கு ஏற்றவாறு மாற்றி, ஹவாயில் உள்ள ஹொனலுலுவின் விடுதி ஒன்றில் வாசித்துவந்தார். அவர் வாசித்த திறந்தவெளி மதுக்கூடத்தை ஒட்டி ஒரு குளம் இருந்தது. ஒருநாள் இரவு இசை நடக்கும்போது அக்குளத்துத் தவளைகள் கத்தத் தொடங்கின. இசை நின்றதும் அவையும் நின்றன. விளையாட்டாகக் குழுவினர் பறவைகளைப் போலக் குரல் கொடுத்தார்கள். மறுநாள் ஒரு விருந்தினர் வந்து, அந்தப் பறவைகளும் தவளைகளும் வரும் பாட்டை வாசிக்க முடியுமா என்று கேட்டாராம். அதிலிருந்து பறவைக் குரல் டென்னியின் இசையில் நிலையான இடம் பெற்றது. 1957இல் வெளிவந்த அவருடைய தொகுப்பின் பெயரே 'எக்சாட்டிகா'. அதில் அவர் வாசித்த, பாக்ஸ்டர் இயற்றிய ஒரு மெட்டு 1959இல் அமெரிக்கத் தரவரிசையில் நான்காம் இடம் வரை சென்றது.

பின்னர் ராக் இசை பெருகியது, இந்தத் தட்டுகள் பழைய பொருள் கடைகளின் பெட்டிகளுக்குள் போய்ச் சேர்ந்தன. சில்லறைக் காசுக்கு அவற்றை வாங்கிக் கேட்ட அடுத்த தலைமுறையினர்தான் நம் கதையின் நாயகர்கள்.

இவர்களை ஏன் மாற்று ராக் மரபோடு சேர்த்துப் பேசுகிறார்கள்? இசையில் முறுக்கிய கித்தார் எதுவும் கேட்கவில்லையே?

இது நியாயமான கேள்வி. விடையைப் பாடல்களில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். கடஹியும் காக்ஸும் லவுஞ்ச் இசைக்கு வருமுன் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் ராக் குழுவில் இருந்தவர்கள். 1983இல் பாஸ்டனில் தோன்றிய அக்குழுவின் பெயர் 'கிறிஸ்மஸ்'. அதில் கடஹி கித்தார் வாசித்தார். காக்ஸ் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடினார். 1986இல் முதல் தொகுப்பு, 1989இல் ஐ.ஆர்.எஸ். என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தின் வழியாக இரண்டாவது தொகுப்பு, பதிவாகிக் காத்துக் கிடந்து 1993இல்தான் வெளிவந்த மூன்றாவது தொகுப்பு என அதன் வரலாறு முட்டி மோதி நகர்ந்தது. பின்னாளில் யோ லா டெங்கோ குழுவில் சேர்ந்து பெயர் பெற்ற ஜேம்ஸ் மெக்நியூ அதற்கு முன் கிறிஸ்மஸ் குழுவில் வாசித்தவர்தான்.

கிறிஸ்மஸ் குழு இடையில் சில காலம் லாஸ் வேகாஸ் நகரில் குடியேறி வாழ்ந்தது. சூதாட்ட விடுதிகளும், மின்விளக்கு அலங்காரங்களும், கோட்டு அணிந்த பாடகர்களும் நிறைந்த அந்த ஊரின் வாசனை பின்னர் வந்த இசையில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

மாற்று ராக் என்பதைக் கித்தாரின் ஓசையாக மட்டும் பார்க்கக் கூடாது. சிறு வெளியீட்டு நிறுவனங்கள், கல்லூரி வானொலி நிலையங்கள், வாடகைக் கூடங்கள், தாமே வரைந்து ஒட்டும் சுவரொட்டிகள் ஆகியவற்றால் ஆன ஓர் உலகம் அது. கம்பஸ்டிபிள் எடிசன் அந்த உலகத்திலேயே பிறந்து, அந்த மேடைகளிலேயே வாசித்து, அந்த ரசிகர்களிடமே தட்டுகளை விற்றது. பாடல் அமைப்பிலும் அதன் தடம் உண்டு. ஐம்பதுகளின் லவுஞ்ச் இசையை ஒரு பெரிய வாத்தியக் குழு எழுதிவைத்த தாளைப் பார்த்து வாசிக்கும்; இவர்களோ ஐந்து பேர் கொண்ட ராக் குழுவைப் போல, ஒருவரையொருவர் பார்த்து, உந்துவிசையோடு வாசித்தார்கள். டிரம்ஸும் பாஸும் பின்னுக்குப் போகாமல் பாட்டை இழுத்துச் செல்வதைக் கவனித்தால் இது விளங்கும்.

குழுவின் பெயருக்கு என்ன பொருள்? எப்படித் தொடங்கியது?

'எளிதில் தீப்பற்றும் எடிசன்' என்று சொல்லலாம். கடஹி 'தி டிக்கி வொண்டர் அவர்' என்ற மேடைக் கேளிக்கை ஒன்றை உருவாக்கினார். பசிபிக் தீவுகளைக் கற்பனையில் கலந்து அமெரிக்க மதுக்கூடங்கள் அமைத்துக்கொண்ட அலங்காரப் பாணிக்கு 'டிக்கி' என்று பெயர். அந்த நிகழ்ச்சிக்காகப் பதினான்கு பேர் கொண்ட வாத்தியக் குழு திரட்டப்பட்டது. அதன் முழுப் பெயர் 'கம்பஸ்டிபிள் எடிசன் ஹீலியோட்ராபிக் ஓரியண்டல் மாம்போ அண்ட் ஃபாக்ஸ்ட்ராட் ஆர்க்கெஸ்ட்ரா'. பதினான்கு பேரைக் கட்டி மேய்ப்பது எளிதல்ல. ஊர் ஊராகப் போகவும் முடியாது. குழு சிறிதாயிற்று, பெயரும் சிறிதாயிற்று.

பிராவிடன்ஸ் நகருக்கு இதில் ஏதேனும் பங்கு உண்டா?

உண்டு. ரோட் ஐலண்ட் அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலம். பிராவிடன்ஸ் அதன் தலைநகர். பாஸ்டனிலிருந்து ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் தொலைவு. அங்கே ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளி என்ற புகழ்பெற்ற கலைக் கல்லூரியும் பிரௌன் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஓவியரும் நாடகக்காரரும் இசைக்கலைஞரும் ஒரே தெருவில் குடியிருக்கும் இத்தகைய ஊரில், பெருநகரத்தின் வாடகையும் போட்டியும் இல்லாத இடத்தில், பதினான்கு பேரைச் சேர்த்து ஒரு விசித்திரமான நிகழ்ச்சியை மேடையேற்றிப் பார்க்க ஒருவருக்குத் துணிச்சல் வருகிறது. நியூயார்க்கில் இதே எண்ணம் காகிதத்திலேயே நின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

'தி மில்லியனேர்', 'மிஸ் லிலி பான்கெட்' போன்ற பெயர்கள் எதற்கு?

மதுக்கூடங்களில் சுவரையொட்டிப் போடப்பட்டிருக்கும் நீண்ட மெத்தை இருக்கைக்கு ஆங்கிலத்தில் பான்கெட் என்று பெயர். பாடகி அந்த இருக்கையின் பெயரையே தம் குடும்பப் பெயராக்கிக்கொண்டார். 'கோடீஸ்வரர்' என்று தம்மை அழைத்துக்கொண்டவரோ பழைய பொருள் கடையில் கோட்டு வாங்கும் இசைக்கலைஞர்களின் உலகத்திலிருந்து வந்தவர். ஆண்கள் மாலை விருந்துக்கான கோட்டிலும், பாடகி மினுங்கும் கவுனிலும் மேடையேறினார்கள். காலம் எது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அன்றைய ராக் மேடையில் கட்டம்போட்ட சட்டையும் கிழிந்த ஜீன்ஸும்தான் நேர்மையின் அடையாளம். அலங்கரித்துக்கொள்வது போலித்தனம் என்று கருதப்பட்டது. எல்லோரும் ஒரே மாதிரி கலைந்த தலையோடு நின்ற இடத்தில் தலைவாரிக்கொண்டு வந்து நிற்பதும் ஒரு கலகம்தான்.

சியாட்டலின் சப் பாப் நிறுவனம் இவர்களை எப்படி ஏற்றுக்கொண்டது?

இதைக் கேட்பவர்கள் எல்லோருக்கும் சப் பாப் என்றால் நிர்வாணா என்ற ராக் குழுதான் நினைவுக்கு வருகிறது. 1989இல் நிர்வாணாவின் முதல் தொகுப்பை வெளியிட்ட நிறுவனம் அதுதான். அதன் ஒலிப்பதிவுக்கு ஆன செலவு அறுநூற்றுச் சொச்சம் டாலர் என்பது ராக் வரலாற்றில் பலரும் அறிந்த செய்தி. 1991இல் நிர்வாணா வேறு பெரிய நிறுவனத்தின் வழியாக உலகப் புகழ் அடைந்தபின், சியாட்டலின் கரடுமுரடான கிரஞ்ச் ஓசையை எல்லா நிறுவனங்களும் நகலெடுக்கத் தொடங்கிவிட்டன. தான் தொடங்கிவைத்த ஓசை சந்தைச் சரக்காகிவிட்ட நேரத்தில், அதற்கு நேர் எதிரான ஒன்றைச் சப் பாப் தேடியதில் வியப்பில்லை. 1994ஆம் ஆண்டு ஏப்ரலில் நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் இறந்தார். கம்பஸ்டிபிள் எடிசனின் முதல் தொகுப்பான 'ஐ, ஸ்விங்கர்' வெளிவந்ததும் அதே 1994இல்தான். இரண்டையும் காரண காரியமாக முடிச்சுப்போட நான் விரும்பவில்லை. ஆனால் துயரத்தின் முழக்கத்தால் களைத்துப்போன செவிகளுக்கு ஒரு வைப்ரஃபோனின் ஒலி எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை அந்த ஆண்டை நினைக்கும்போதெல்லாம் எண்ணிப் பார்க்கிறேன்.

'காக்டெய்ல் தேசம்' என்ற அறிக்கை இவர்களுடையதா?

ஆம். மில்லியனேர் எழுதிய அறிக்கை அது. காக்டெய்ல் தேசத்தின் குடிமக்களாகிய நாங்கள் என்று, அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைப் போன்ற நடையில் தொடங்கி, ஒரே அச்சில் வார்த்த வறண்ட வாழ்க்கையிலிருந்து விடுதலை அறிவிக்கிறது. செல்வத்தை அல்ல, செழுமையையே வளர்ப்போம் என்பதும், துணிவும் இன்பமும் எல்லோருக்கும் உரியவை என்பதும் அதன் சாரம். பணக்காரர்களின் பொழுதுபோக்காகத் தோன்றிய ஒன்றை, பணமில்லாதவர்களும் ரசனையால் உரிமை கொண்டாடலாம் என்று சொன்ன இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

'காக்டெய்ல் தேசம்' என்ற தொடரைப் பின்னர் பத்திரிகைகள் எடுத்துக்கொண்டு, தொண்ணூறுகளின் லவுஞ்ச் மறுமலர்ச்சி முழுவதற்கும் பெயராகச் சூட்டிவிட்டன.

இவர்கள் பழைய இசையைக் கேலி செய்கிறார்களா, மதிக்கிறார்களா?

மதிக்கிறார்கள். இதில் எனக்கு ஐயமே இல்லை. கேலி செய்பவர் நகலை மட்டுமே வாசிப்பார்; அதில் சிரிக்க வேண்டிய இடம் முடிந்ததும் பாட்டு முடிந்துவிடும். இவர்களோ புதிய மெட்டுகளை இயற்றினார்கள். அவற்றுள் பல, யாருடையது என்று சொல்லாமல் போட்டால் ஐம்பதுகளின் ஒலித்தட்டு என்று நம்பிவிடக்கூடிய அளவுக்குச் செய்நேர்த்தி உடையவை. முதல் தொகுப்பில், எத்தனையோ பாடகர்கள் பாடித் தேய்ந்த 'க்ரை மீ எ ரிவர்' பாடலையும், 1929இல் பெர்லினில் அரங்கேறிய ஒரு நாடகத்துக்காகக் கர்ட் வைல் இசையமைத்த 'சுரபாயா ஜானி'யையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டுமே ஏமாற்றப்பட்ட பெண்ணின் பாடல்கள். லிலி பான்கெட் அவற்றைப் பாடும்போது கண்சிமிட்டல் இல்லை. குரலை உயர்த்தாமல், சொற்களைத் தெளிவாக வைத்து, அழுகையை அடக்கிக்கொண்டு பேசுபவர் போலப் பாடுகிறார். கேலி செய்ய வந்தவர் வைலின் பாடலைத் தேர்ந்தெடுக்க மாட்டார்.

பாடல் தலைப்புகளில் சொல்விளையாட்டு உண்டு என்பது உண்மை. 'பிரேக்ஃபஸ்ட் அட் டென்னிஸ்' என்ற தலைப்பில் ஒரு புகழ்பெற்ற திரைப்படமும், ஒரு சாலையோர உணவகமும், மார்ட்டின் டென்னியும் ஒரே நேரத்தில் ஒளிந்திருக்கிறார்கள். அது அன்பினால் வரும் விளையாட்டு.

இந்த இசையின் தனி ஒலி எந்தக் கருவியிலிருந்து வருகிறது?

வைப்ரஃபோனிலிருந்து. அலுமினியக் கலவைப் பட்டைகளைப் பியானோவின் கட்டைகளைப் போல வரிசையாக அடுக்கி, நூல் சுற்றிய உருண்டைத் தலைக் கோல்களால் தட்டி வாசிக்கும் கருவி அது. ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒரு குழாய் தொங்கும். குழாயின் வாயில் ஒரு வட்டத் தகடு இருக்கும். மின்மோட்டார் அதைச் சுழற்றும்போது வாய் மூடியும் திறந்தும் மாறி மாறி ஒலியை அலையச் செய்யும். நீருக்கடியில் விளக்கு அசைவது போன்ற அந்த நடுக்கம் அப்படித்தான் பிறக்கிறது. காலால் மிதிக்கும் கட்டையை அழுத்தினால் ஒலி நீளும், விட்டால் சட்டென்று அடங்கும். எக்சாட்டிகா இசையில் இக்கருவியின் இடத்தை உறுதிசெய்தவர்களுள் மார்ட்டின் டென்னியின் குழுவில் வாசித்த ஆர்தர் லைமன் முக்கியமானவர்.

கம்பஸ்டிபிள் எடிசனின் வாத்திய மெட்டுகளில் வைப்ரஃபோனும் ஆர்கனும் கித்தாரும் ஒரே மெட்டை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்ளும். கித்தாரில் உறுமல் இருக்காது. உளவுப் படங்களின் முகப்பிசையில் கேட்குமே, அடித்தந்தியில் எதிரொலியோடு நடந்து வரும் அந்த ஒலி இருக்கும். ஆர்கன் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன்மேல் வைப்ரஃபோன் துளித்துளியாக விழும். நல்ல காதொலிப்பான் வைத்துக் கேட்டால், கோல் பட்டையில் படும் மெல்லிய தொடுஓசையும் கேட்கும். அந்த ஓசைக்காகவே நான் சில பாடல்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதுண்டு.

மூன்று தொகுப்புகளுக்கும் இடையே என்ன வேறுபாடு?

1994இன் 'ஐ, ஸ்விங்கர்' பழைய இசைக்குச் செலுத்திய முதல் வணக்கம். மெட்டுகள் சுருக்கமானவை, நடை துள்ளலானது. 1996இன் 'ஸ்கிசோஃபோனிக்!' அதைவிட இருண்டது, அதைவிட விரிந்தது. இத்தாலிய, பிரெஞ்சுத் திரைப்பட இசையின் சாயலும், திகில் படங்களின் குளிரும் அதில் வந்து சேர்ந்தன; பாடல்களுக்குத் தனித்தனி முகம் கிடைத்தது. குழுவின் சிறந்த ஆக்கம் இதுவே என்பது என் தீர்ப்பு. 1998இன் 'தி இம்பாசிபிள் வேர்ல்ட்' அன்றைய மின்னணு இசையை நோக்கி நகர்ந்தது. பழமையை மட்டும் நகலெடுப்பவர்கள் என்ற பெயரை உதறிவிட வேண்டும் என்ற தவிப்பு அதில் தெரிகிறது. முயற்சி மதிக்கத்தக்கது, ஆனால் ஐந்து பேர் ஒன்றாக அமர்ந்து வாசிக்கும் சூடு அதில் குறைந்துவிட்டது.

எந்தத் திரைப்படத்துக்கு இவர்கள் இசையமைத்தார்கள்?

1995இல் வெளிவந்த 'ஃபோர் ரூம்ஸ்'. அலிசன் ஆண்டர்ஸ், அலெக்சாண்டர் ராக்வெல், ராபர்ட் ராட்ரிகஸ், குவென்டின் டாரன்டினோ ஆகிய நால்வர் ஆளுக்கொரு பகுதியாக இயக்கிய படம். புத்தாண்டுக்கு முந்தைய இரவு, ஒரு பழைய விடுதி, அங்கே முதல் நாள் வேலை பார்க்கும் ஒரு பணியாள், நான்கு அறைகள் என்பதே கதை. அந்தப் பணியாளாக டிம் ராத் நடித்தார். படத்தின் பெரும்பகுதி இசை இவர்களுடையது. 'வெர்டிகோகோ' என்ற தொடக்க இசையில் சொற்களற்ற குரல்கள் தாளத்தின் மேல் பந்தாடுகின்றன. படம் விமர்சகர்களிடம் அடிவாங்கியது. அதன் இசை மட்டும் தனியாகப் பிழைத்துக்கொண்டது. ஒலித்தட்டில் எஸ்கிவேலின் பழைய பதிவுகளும் இடம்பெற்றன. குருவும் சீடர்களும் ஒரே தட்டில் அமர்ந்த தருணம் அது.

எஸ்கிவேல் இந்த மறுமலர்ச்சியைப் பார்க்க உயிரோடு இருந்தாரா?

இருந்தார். மெக்சிகோவில், உடல்நலம் குன்றிப் படுக்கையில் இருந்த காலத்தில், 1994இல் அவருடைய பழைய பதிவுகள் புதிய தொகுப்பாக அமெரிக்காவில் வெளியாகி இளைஞர்களிடம் பரவின. 2002ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் காலமானார். முப்பது ஆண்டுகள் மறக்கப்பட்டிருந்த ஒருவர், தம் இசையைப் பேரப் பிள்ளைகளின் வயதுள்ளவர்கள் தேடி வாங்குவதை அறிந்துவிட்டுப் போனார் என்பது எனக்கு மனநிறைவளிக்கும் செய்தி. மார்ட்டின் டென்னியும் 2005 வரை வாழ்ந்தார்.

குழுவின் பெயரில் ஒரு மதுபானம் உண்டு என்கிறார்களே?

உண்டு. கம்பாரி என்ற இத்தாலியக் கசப்பு மது ஒரு பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, பிராந்தி இரண்டு பங்கு. முதலிரண்டையும் பனிக்கட்டியோடு குலுக்கிக் கோப்பையில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். பிராந்தியைத் தனியே சூடாக்கித் தீயிட்டு, நீலச் சுடர் எரிய எரியக் கோப்பைக்குள் ஊற்ற வேண்டும். பெயரில் உள்ள தீ அப்படியே கோப்பையில் இறங்குகிறது. ஆல்கஹாலில் தீ வைப்பது ஆபத்தான வேலை. வீட்டில் முயல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் மது அருந்துவதில்லை. இந்த இசையை ரசிக்க அது தடையாக இருந்ததே இல்லை.

எக்சாட்டிகா இசை பிற பண்பாடுகளை அலங்காரப் பொருளாக்கியது என்ற குற்றச்சாட்டு சரியா?

பெருமளவுக்குச் சரி. ஐம்பதுகளின் ஒலித்தட்டு உறைகளில் தீவுகளும் காட்டு முகமூடிகளும் அரைகுறை ஆடை அணிந்த பெண்களும் வந்தார்கள். அந்தத் தீவுகளில் உண்மையில் வாழ்ந்த மக்களின் இசையோ வரலாறோ தட்டுக்குள் இல்லை. 'ஓரியண்டல்' என்ற சொல் சீனாவையும் அரபு நாடுகளையும் இந்தியாவையும் ஒரே மூட்டையாகக் கட்டியது. ஆசியாவில் பிறந்து இதைக் கேட்கும் நமக்கு அது உறுத்தாமல் இருக்க முடியாது. கம்பஸ்டிபிள் எடிசன் குழுவும் தன் முதல் பெயரில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது. டிக்கி அலங்காரத்தையும் எடுத்துக்கொண்டது. இதை மறைத்துவிட்டு அவர்களைப் புகழ்வது சரியல்ல.

ஆனால் காலப்போக்கில் அவர்களுடைய இசை தீவுகளை விட்டு விலகியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டாம் தொகுப்பில் அவர்கள் கற்பனை செய்த உலகம் பெரும்பாலும் திரையரங்கின் உலகம்: உளவாளிகள், தனிமையான நகரத் தெருக்கள், மூலை மேசையில் அமர்ந்திருப்பவர்கள். அங்கே அவர்கள் இரவல் வாங்கியது இன்னொருவருடைய ஊரை அல்ல, தாங்கள் பார்த்து வளர்ந்த திரைப்படங்களை.

அதே காலத்தில் இப்படி வேறு குழுக்கள் இருந்தனவா?

இருந்தன. கென்டக்கியின் லூயிவில் நகரில் 'லவ் ஜோன்ஸ்', சிகாகோவில் 'தி காக்டெய்ல்ஸ்', அரிசோனாவின் டூசான் நகரில் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் டீன் மார்டினெஸ்'. கடைசியாகச் சொன்ன குழுவும் 1995இல் சப் பாப் வழியாகவே வந்தது. அதில் வாசித்த ஜோயி பர்ன்ஸும் ஜான் கன்வெர்ட்டினோவும் பின்னர் கலெக்சிகோ குழுவை நடத்தினார்கள். இங்கிலாந்தின் ஸ்டீரியோலாப் குழுவும், ஜப்பானின் பிசிகாட்டோ ஃபைவ் குழுவும் இதே கிணற்றில் வேறு வேறு வாளி இறக்கியவர்கள். கவனித்தால், அமெரிக்கக் குழுக்களில் பெரும்பாலானவை நியூயார்க்கிலோ லாஸ் ஏஞ்சலிஸிலோ பிறக்கவில்லை.

குழு ஏன் கலைந்தது?

1999இல் கலைந்தது. உள்ளே நடந்தவற்றை ஊகித்து எழுத நான் விரும்பவில்லை. வெளியே நடந்தவை கண்ணுக்குத் தெரிந்தவை. 1996இல் கேப்பிடல் நிறுவனம் தன் கிடங்கில் இருந்த பழைய பதிவுகளை 'அல்ட்ரா-லவுஞ்ச்' என்ற பெயரில் தொடர் தொகுப்புகளாக வெளியிடத் தொடங்கியது. அதே ஆண்டு வந்த 'ஸ்விங்கர்ஸ்' திரைப்படம் பழைய பாணி மதுக்கூடங்களையும் ஸ்விங் நடனத்தையும் நாடெங்கும் நாகரிகமாக்கியது. பழைய பெட்டிகளில் தேடிக் கண்டெடுத்த ஒரு சிலரின் செல்வம் எல்லாக் கடைகளிலும் அடுக்கி வைக்கப்பட்டது. நாகரிகம் ஒன்று இவ்வளவு வேகமாகப் பரவினால் அவ்வளவே வேகமாகச் சலித்தும் போகும். சலித்தபோது, அசலாக உழைத்தவர்களையும் சேர்த்தே அடித்துக்கொண்டு போயிற்று. எட்டாண்டு வாழ்ந்த குழுவுக்கு வெளிச்சம் கிடைத்தது நான்கு ஆண்டுகள்தான்.

பிரதர் கிளீவ் பிறகு என்ன ஆனார்?

அவர் முன்பு பாஸ்டனின் டெல் ஃப்யூகோஸ் ராக் குழுவில் விசைப்பலகை வாசித்தவர். கம்பஸ்டிபிள் எடிசனுக்குப் பின் இசைத்தட்டுக் கலைஞராக (டிஜே) தொடர்ந்ததோடு, மறந்துபோன பழைய காக்டெய்ல் வகைகளை ஆராய்ந்து மதுக்கூடப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பாஸ்டன் பகுதியில் அந்தத் தொழிலில் இருக்கும் பலர் அவரை ஆசானாகவே கருதினார்கள். 2022 டிசம்பரில் அவர் காலமானபோது இசை உலகமும் மதுக்கூட உலகமும் சேர்ந்தே துக்கம் அனுசரித்தன.

புதிதாகக் கேட்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

'ஸ்கிசோஃபோனிக்!' தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். வேலை செய்துகொண்டே கேட்காதீர்கள். ஒருமுறையாவது விளக்கைக் குறைத்துவிட்டு, முழுத் தொகுப்பையும் வரிசை மாற்றாமல் கேளுங்கள். பிறகு மார்ட்டின் டென்னிக்கும் எஸ்கிவேலுக்கும் போய்வந்து, அதன்பின் 'ஐ, ஸ்விங்கர்' தொகுப்பைக் கேட்டால் யாரிடமிருந்து எதை எடுத்தார்கள், எதைத் தாங்களே சேர்த்தார்கள் என்பது புலப்படும். பிராவிடன்ஸில் பதினான்கு பேரோடு தொடங்கிய அந்த மேடை நிகழ்ச்சியின் முகப்பிசையும் அந்தத் தொகுப்பில் இருக்கிறது. அது வரும்போது, பதினான்கு பேர் வாசித்ததை ஐந்து பேர் எப்படிப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்று கவனியுங்கள்.